தேள்கடி: வெயில் பாதி, மழை மீதி

"வெயில் ஏறினா தேள் வெளிய வரும்"னு எங்க வள்ளியூர்ப் பக்கம் சொல்வாங்க. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதியில் மழையும் இருக்கிறது, மனுஷனும் இருக்கிறான்.

தேளுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு நிலையாக இருக்காது. சுற்றுப்புறம் குளிர்ந்தால் மந்தமாகும். சூடானால் சுறுசுறுப்பாகி இரையும் இணையும் தேடும். நடமாட்டம் எல்லாம் இரவில். அதனால் உச்சி வெயிலைவிட, இரவு எவ்வளவு குளிர்கிறது என்பதைத்தான் பார்க்கணும். மெக்சிகோவின் கோலிமா மாநிலத்தில் தேள்கடி எண்ணிக்கையை வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு 2005-ல் வந்த ஆய்வும் குறைந்தபட்ச வெப்பநிலைக்கு முக்கிய இடம் கொடுத்தது. புவி சூடாகும்போது இரவுகளும் சூடாகின்றன.

அடுத்து மழை. பொந்திலும் கல்லிடுக்கிலும் தண்ணீர் புகுந்தால் தேள் மேடு தேடி ஏறும். மேடு என்றால் பெரும்பாலும் நம்ம வீடு. 2021 நவம்பரில் எகிப்தின் அஸ்வானில் திடீர்ப் பெருமழை கொட்டியபோது 500 பேருக்கு மேல் தேள் கொட்டியது.

மூன்றாவது நாம். புழுக்கம் தாங்காமல் திண்ணையிலும் வெறுந்தரையிலும் படுக்கிறோம், இருட்டில் செருப்பில்லாமல் நடக்கிறோம். ஆகவே வெப்பமும் தேள்கடியும் சேர்ந்து கூடினால், கூடியது தேளா, நம்முடைய வெளிநடமாட்டமா என்று பிரித்துப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது.

இதையெல்லாம் நம்ம ஊருக்குப் பொருத்தினால் இரண்டு பருவம் கவனிக்க வேண்டியவை: சித்திரை, வைகாசிப் புழுக்கம், ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடிக்கும் நேரம். ஓலைக்குவியல், விறகு, செங்கல் அடுக்கு, கல் கையாலை, இங்கேதான் அது ஒளிந்திருக்கும்.

இந்தக் கணிப்பைச் சரிபார்க்க மாதவாரி எண்ணிக்கை வேணும். பிரேசிலில் தேள்கடியைப் பதிவு செய்வது கட்டாயம். அதனால்தான் 2014-ஐவிட 2023-ல் அது சுமார் இரண்டரை மடங்கு ஆனது என்று அவர்களால் சொல்ல முடிகிறது. அங்கே வெப்பத்தோடு, நெருக்கியடித்து வளரும் நகரங்களும் காரணம். தமிழ்நாட்டில் பாம்புக்கடியை 2024-ல் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தார்கள். தேள்கடியையும் அதே பதிவேட்டில் சேர்த்தால், எந்த மாதம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து தயாராக இருக்கணும் என்பது தெரிந்துவிடும்.

மருந்து என்றதும் ஒன்று. பெரிய கருப்பு நட்டுவாக்காலியைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். உயிரை எடுப்பது சின்னச் செந்தேள். அதன் விஷம் இதயத்தைத் தாக்கி, நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். மகாராஷ்டிரத்தின் மஹாட் வட்டாரத்தில் கிராம மருத்துவராகப் பணியாற்றிய ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்த மாத்திரையான பிரசோசின் இதற்குப் பலன் தருவதை 1986-ல் லான்செட் இதழில் எழுதினார். கொங்கணப் பகுதியில் செந்தேள் விஷம் ஏறிய நூறு பேரில் முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறியது.

தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்த்துக் கொட்டி, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால் மந்திரிப்பு, பச்சிலை என்று ஒரு நிமிஷம்கூடக் கழிக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. மாத்திரையை வீட்டில் நீங்களாகக் கொடுக்காதீங்க. ரத்த அழுத்தம் பார்த்துத்தான் கொடுக்கணும்.