உஷார்! அட்டாலியில் கிடக்கும் பழைய ரவுட்டரை அப்படியே மாட்டாதீர்கள்

பழைய ரவுட்டரைத் தேடி அட்டாலியில் ஏறப்போகிறவர்கள் ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தாராபுரம் டவுனிலும் சரி, மூலனூர், குண்டடம், அலங்கியம் பக்கத்துத் தோட்டங்களிலும் சரி, பைபர் இணைப்பு வந்த வீடுகளில் முன்பு ஓடிய ரவுட்டர் ஒன்று மிச்சமாகிக் கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தூக்கிப் போட நம் ஊரில் யாருக்கும் மனசு வராது. மாடி ரூமுக்குச் சிக்னல் எட்டவில்லை என்றால் அதை எடுத்து மாட்டுகிறோம். வாடகைக்கு இருப்பவர் வைஃபை கேட்டால் அதையே கொடுக்கிறோம். சாளையில் கேமரா வைக்க வேண்டுமென்றாலும் அதுதான். பச்சை விளக்கு எரிந்து, செல்போனில் யூடியூப் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அதிலும் தோட்டத்து வீட்டுக் கேமராக்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பதற்றமாக இருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். 2025-இல் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு அம்மாவையும் அப்பாவையும் தோட்டத்தில் விட்டுவிட்டுத் திருப்பூரிலோ கோவையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் கேமரா வாங்கி மாட்டுவது நியாயமான பயத்தில்தான். ஆனால் அந்தக் கேமராவின் காட்சி எந்தப் பெட்டி வழியாக வெளியே போகிறது என்று பாருங்கள். பத்து வருடத்துப் பழைய ரவுட்டர், மாற்றப்படாத பாஸ்வேர்டு. காவலுக்கு வைத்த கண்ணை வேறு யாராவது பிடுங்கிக்கொண்டால், வீட்டில் ஆள் இருக்கிறதா, எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, எந்தப் பக்கம் கேமரா இல்லை என்பதெல்லாம் அவனுக்கும் தெரிந்துவிடும்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் 2017 ஜூலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த மாதக் கடைசியில் கர்நாடகம் உட்பட நாட்டின் பல பகுதிகளில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் திடீரென்று செத்துப்போயின. சுமார் 60,000 மோடம்கள் இணைப்பை இழந்ததாக அப்போது செய்திகள் வந்தன. பிரிக்கர்பாட் என்ற தீய நிரல் இணையம் வழியாக மோடத்துக்குள் புகுந்து, அதன் நினைவகத்தை அழித்து, வெறும் பிளாஸ்டிக் கட்டியாக்கிவிட்டுப் போனது. பூட்டை உடைக்கும் வேலைகூட அதற்கு வாய்க்கவில்லை. கம்பெனி வைத்து அனுப்பிய பயனர் பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. வாங்கிய நாளிலிருந்து பலர் அதை மாற்றவே இல்லை. மோடத்தைத் தொலைவிலிருந்து நிர்வகிப்பதற்காகத் திறந்து வைத்திருந்த வாசல் வெளியுலகத்துக்கும் திறந்தே கிடந்தது. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அந்தக் காலத்து மோடம்கள்தான் இன்று நம் அட்டாலிகளில் கிடக்கின்றன, பல வீடுகளில் அதே 'அட்மின் அட்மின்' உடன்.

பாஸ்வேர்டு பாதிக் கதைதான். மீதி, ரவுட்டரின் வயது. ரவுட்டருக்கு உள்ளே ஒரு சின்னக் கணினி ஓடுகிறது. அதை ஓட்டும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும்போது கம்பெனி அடைத்துக் கொடுக்கும். ஆனால் சில வருடங்கள் கழித்து, இந்த மாடலுக்கு இனி ஆதரவு இல்லை என்று நிறுத்திவிடும். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் உலகத்துக்கே தெரியும், அடைக்கத்தான் யாரும் வரமாட்டார்கள். நம் ஊர்ப் பக்கம் பரவலாக இருந்த, ஆன்டெனா வைத்த வெள்ளை டிபி-லிங்க் பெட்டிகள் நினைவிருக்கிறதா? டபிள்யூஆர்841என், டபிள்யூஆர்940என், டபிள்யூஆர்740என். இவற்றின் சில பழைய பதிப்புகளில் வெளியாள் தன் கட்டளைகளை ஓட்டக்கூடிய ஓட்டை இருப்பது 2023-இல் பதிவானது. 2025 ஜூனில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, அந்த ஓட்டை உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படுகிறது என்று தன் பட்டியலில் சேர்த்தது. ஆதரவு நின்றுபோன கருவியென்றால் பயன்படுத்துவதையே நிறுத்துங்கள் என்றும் சொன்னது.

என் வீட்டு ரவுட்டரில் புகுந்து அவனுக்கு என்ன கிடைக்கும், நான் சாதாரண விவசாயி, என் பையன் பனியன் கம்பெனிக்குப் போகிறான் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவனுக்கு வேண்டியது உங்கள் பணம் மட்டுமல்ல. உங்கள் வீட்டு இணைய முகவரியே அவனுக்கு விற்பனைச் சரக்கு. 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ, ஆதரவு முடிந்துபோன பழைய லிங்க்சிஸ் உள்ளிட்ட ரவுட்டர் மாடல்களைப் பெயர் சொல்லி எச்சரித்தது. அவற்றில் தீய நிரலை ஏற்றி, அந்த வீடுகளின் இணைப்பை மற்றவர்களுக்கு மாத வாடகைக்கு விட்ட எனிபிராக்ஸி, ஃபைவ்சாக்ஸ் என்ற இரண்டு தளங்களை அப்போது முடக்கினார்கள். வாடகை மாதம் சுமார் 10 டாலரிலிருந்து 110 டாலர் வரை. வாடகைக்கு எடுத்தவன் எங்கோ உட்கார்ந்து மோசடி செய்வான். ஆனால் போலீஸ் ஏட்டில் பதிவாவது அந்த வீட்டுக்காரரின் முகவரிதான்.

அப்படிப் பதிவானால் என்ன ஆகும் என்பதை நம் நாடு 2008-லேயே பார்த்துவிட்டது. அந்த ஜூலை 26-ஆம் தேதி அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. போலீஸ் அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த பிளாட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். மனிதர் விசாரணைக்கு ஆளானார், கணினிகள் சோதனைக்குப் போயின, பெயர் நாடு முழுக்கச் செய்திகளில் ஓடியது. அதே வருடம் செப்டம்பர் 13, டெல்லி குண்டுவெடிப்பு. அப்போது வந்த மின்னஞ்சல் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகப் போயிருந்தது. இதற்குப் பிறகுதான், 2009-இல் மும்பை போலீஸ் பூட்டில்லாத வைஃபைகளைத் தேடித் தெருத் தெருவாகப் போக முடிவெடுத்தது. வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பதற்கென்று மத்திய தொலைத்தொடர்புத் துறையும் உத்தரவு போட்டது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதல் கேள்வி வரும். தோட்டத்தில் தனியாக இருக்கும் எழுபது வயதுப் பெரியவரிடம் வந்து, இந்த மின்னஞ்சல் உங்கள் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார்?

உங்களை ஏமாற்ற இன்னொரு வழியும் இருக்கிறது. ரவுட்டருக்குள் புகுந்தவன் அதில் டிஎன்எஸ் என்ற ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுவான். நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாகத்தான் அடிப்பீர்கள், ரவுட்டர் உங்களை அச்சு அசலான போலிப் பக்கத்துக்கு அனுப்பிவைக்கும். 2018-இல் பிரேசிலில் இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் மாற்றப்பட்டது தெரியவந்தது. வங்கிப் பக்கத்தைத் திறக்கும்போது 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கை வந்தால், அவசரத்தில் 'பரவாயில்லை, தொடர்க' என்பதை அழுத்திவிடாதீர்கள்.

சரி, பழைய ரவுட்டரைப் பயன்படுத்தவே கூடாதா? சிலவற்றைப் பயன்படுத்தலாம். அதற்கு முதலில் பெட்டியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். மாடல் பெயரும், பக்கத்திலேயே பதிப்பு எண்ணும் இருக்கும். ஒரே மாடலில் பதிப்பு 8-க்கும் பதிப்பு 13-க்கும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு, அதனால் பதிப்பு எண்ணை விட்டுவிடக் கூடாது. தயாரித்த கம்பெனியின் சொந்த வலைத்தளத்துக்குப் போய் அந்த மாடல், அந்தப் பதிப்புக்குக் கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் வந்தது என்று பாருங்கள். ஆதரவு முடிந்துவிட்டது என்று போட்டிருந்தாலோ, கடைசித் தேதி ஐந்தாறு வருடம் பின்னால் இருந்தாலோ அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். அதை மாட்டாதீர்கள். கருவியில் டபிள்யூஇபி அல்லது பழைய டபிள்யூபிஏ பூட்டு மட்டும்தான் இருக்கிறதென்றாலும் அதே முடிவுதான். டபிள்யூஇபி 2001-லேயே உடைக்கப்பட்ட பூட்டு. ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற மாற்று மென்பொருளை ஏற்றிப் பிழைக்க வைக்கலாமே என்று விவரம் தெரிந்த பிள்ளைகள் கேட்பார்கள். முடியும், ஆனால் மலிவான பழைய பெட்டிகளில் இருக்கும் 4 எம்பி சேமிப்பிடம் இன்றைய பதிப்புகளுக்குப் போதாது.

பெட்டி தேறிவிட்டதா? இணைய வயரை இன்னும் செருகாதீர்கள். கரண்ட் மட்டும் கொடுத்து, பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் ஊசியை விட்டுப் பத்து வினாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். பழைய அமைப்புகள் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். செகண்ட்ஹேண்டில் வாங்கியதென்றால் இது இல்லாமல் தொடவே கூடாது. பிறகு லேப்டாப்பை லேன் வயரில் சேர்த்து, லேபிளில் போட்டிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1, பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. அடுத்தது, கம்பெனி வலைத்தளத்திலிருந்து முன்பே லேப்டாப்பில் இறக்கி வைத்த புது ஃபர்ம்வேரை ஏற்றுவது. ஏற்றும்போது கரண்ட் போய்விட்டால் பெட்டி செத்துவிடும், அதனால் யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் என்று இருப்பதை அணையுங்கள். யுபிஎன்பி என்று இருப்பதையும் அணையுங்கள்.

டபிள்யூபிஎஸ் பொத்தானைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பாஸ்வேர்டு அடிக்காமல் எட்டு இலக்க எண்ணால் இணைத்துக்கொள்ளும் வசதி அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள், யாரால் முடியும் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகவும் அடுத்த மூன்றைத் தனியாகவும் சரிபார்க்கிறது. எட்டாவது வெறும் சரிபார்ப்பு இலக்கம். ஆக 10,000-உம் 1,000-உம் சேர்ந்து வெறும் 11,000 முயற்சிகள். தெருவில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்தால் சில மணி நேரத்தில் உள்ளே வந்துவிடலாம். இது 2011 டிசம்பரிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அட்டாலியில் கிடக்கும் பெட்டிகளில் இந்த வசதி பெரும்பாலும் திறந்தபடியே இருக்கும். அணைத்துவிடுங்கள்.

வைஃபை பாஸ்வேர்டு விஷயத்தில் நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் வேரோடிப் போயிருக்கிறது: செல் நம்பரை வைப்பது. ஆறிலிருந்து ஒன்பதுக்குள் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தமே 400 கோடி. உங்கள் போன் ரவுட்டரோடு இணையும் அந்த நொடியைப் பதிவு செய்து எடுத்துப்போனவன், நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட ஒரே ஒரு கணினியில் அத்தனை எண்களையும் சில மணி நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிடுவான். அதற்குள் அவன் உங்கள் தெருவிலேயே இருக்கமாட்டான். பிறந்த தேதி வைத்திருந்தால் சில வினாடிகள்கூட ஆகாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள், பதினாறு எழுத்துக்குக் குறையாமல். பூட்டு வகையில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, பழைய பெட்டியை ஒருபோதும் வெளி இணையத்துக்கு நேராக நிறுத்தாதீர்கள். முன்வாசலில் புது ரவுட்டர் நிற்கட்டும். பழையது அதற்குப் பின்னால் ஆக்சஸ் பாயிண்ட் ஆக மட்டும் வேலை செய்யட்டும். மெனுவில் அந்தப் பெயரிலேயே தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் டிஎச்சிபி என்பதை அணைத்து, பெட்டியின் முகவரியைப் புது ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, வயரை லேன் துளையில் செருகுங்கள். கேமராவையும் வாடகைக்காரரையும் புது ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் தனியாக வையுங்கள். கேமராவுக்கென்று தனி பாஸ்வேர்டு இருக்கிறது, அதையும் மாற்றாவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண். இவையெல்லாம் உங்களுக்குக் கைவராது என்றால் கேபிள்காரரையோ கேமரா மாட்டிய பையனையோ கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை மட்டும் நீங்களே உங்கள் கையால் அடியுங்கள்.

காரணமில்லாமல் நெட் இழுக்கிறது, தெரியாத கருவி பட்டியலில் தெரிகிறது, அட்மின் பாஸ்வேர்டு ஏற்க மறுக்கிறது என்றால் உடனே கரண்டைப் பிடுங்குங்கள். கணினிகளிலும் போன்களிலும் ஒட்டிக்கொண்ட தீய நிரலைத் துடைக்க மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 முதல் இலவசக் கருவிகள் தருகிறது. பணம் போயிருந்தால் யாரிடமும் யோசனை கேட்டு நேரத்தைப் போக்காமல் 1930-க்கு அடியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

வேண்டாம் என்று முடிவு செய்த பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்பும் அந்த ரீசெட் துளையை அழுத்த மறக்காதீர்கள். உங்கள் பிராட்பேண்ட் கணக்கின் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். 2023-இல் ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தார், மற்ற நிறுவனங்கள் கழித்துக்கட்டிய பழைய ரவுட்டர்களை வாங்கிப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் பழைய உரிமையாளரின் ரகசியங்கள் அப்படியே இருந்தன. விளக்கே எரியாத, ரீசெட் ஆகாத பெட்டியென்றால் திருகாணியைக் கழற்றி உள்ளே இருக்கும் பச்சை போர்டை இரண்டாக ஒடித்து, அடி லேபிளைச் சுரண்டிவிட்டுக் கொடுங்கள்.