அறியாமற் செய்த பாவம்

அறியாமற் செய்த பாவம் என்பது, தவறென உணராமல் ஒருவர் செய்துவிடும் குற்றத்தைக் குறிக்கும். விவிலியத்தின் லேவியர் நூல், 4ஆம் அதிகாரத்தில் இதற்கெனத் தனிப் பலியை விதிக்கிறது. அப்பலியின் நிறைவைக் கிறித்தவம் இயேசுவின் சிலுவை மரணத்தில் காண்கிறது.

கத்தோலிக்கப் போதனைப்படி, சாவான பாவத்திற்குக் கனமான பொருள், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும். எனவே தன் குற்றமின்றி அறியாதிருந்தவரின் பொறுப்பு குறையலாம் அல்லது நீங்கலாம். வேண்டுமென்றே கொண்ட அறியாமை பொறுப்பைக் கூட்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில், நேர்மையாக ஆராய்ந்தும் நினைவுக்கு வராத பாவங்களும் மன்னிக்கப்படுகின்றன.

திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேச லுத்தரன் திருச்சபை 1919 இல் உருவானது. லுத்தரன் மரபின் ஆக்சுபர்கு விசுவாச அறிக்கை (1530), பாவங்கள் அனைத்தையும் எண்ணிச் சொல்லுதல் இயலாது, ஆதலின் தேவையுமில்லை என்கிறது.

மன்னிப்பு ஒருவரின் நினைவாற்றலைப் பொறுத்ததன்று என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.