விண்ணப்பமும் அருளிச்செயலும்

ஆழ்வார்களுடைய திவ்யப்ரபந்தங்களுக்கு நம் ஸம்ப்ரதாயத்தில் வழங்கும் திருநாமம் அருளிச்செயல். அவற்றைப் பெருமாள் திருமுன்பே இசையோடும் அபிநயத்தோடும் ஸமர்ப்பிக்கும் அரையர்களுக்கோ விண்ணப்பஞ்செய்வார் என்று பெயர். அருளிச்செய்தல் மேலிருப்பார் கீழிருப்பாரைக் குறித்துச் சொல்லுவது. விண்ணப்பஞ்செய்தல் கீழிருப்பார் மேலிருப்பாரைக் குறித்துச் சொல்லுவது. ஒரே நாலாயிரத்துக்கு எதிரெதிரான இவ்விரண்டு சொற்களும் எங்ஙனே பொருந்தின என்பதை ஆராய்வது பயனுடையது. விண்ணப்பம் என்ற மாத்திரத்தில் அலுவலகப் படிவமே இன்று நினைவுக்கு வருகிறபடியால் இவ்வாராய்ச்சிக்கு அவசியமும் உண்டு.

விண் என்ற தமிழ்ச்சொல்லோடு இதைச் சேர்த்துப் பொருள் காண மனம் ஓடும். அது ஓசை ஒற்றுமையே. ‘ஜ்ஞா’ என்னும் தாதுவின் ணிஜந்தத்திலிருந்து பிறந்த விஜ்ஞாபநம் முதலிய வடசொற்களுக்கு ‘அறிவித்தல்’ என்று பொருள். ‘ஜ்ஞ’ என்னும் கூட்டெழுத்து ப்ராக்ருதத்தில் ‘ண்ண’ என்றும் ‘ண’ என்றும் திரியும். அவ்வழியே வந்தது விண்ணப்பம். இதே தாதுவிலிருந்து இதே வழியாக வந்த வேறிரண்டு சொற்களும் தமிழில் உள்ளன: ஆஜ்ஞை ஆணையாயிற்று, ஆஜ்ஞப்தி ஆணத்தியாயிற்று. ஆக, கீழிருந்து மேலே செல்லும் விண்ணப்பமும் மேலிருந்து கீழே வரும் ஆணையும் ஒரு தாதுவின் மக்கள். இரண்டும் அறிவித்தலே, உபஸர்க்கம் மாறினபோது திசை மாறிற்று.

அரசர்களுடைய சாஸனங்களில் இவ்விரண்டையும் ஒருசேரக் காணலாம். திருமங்கையாழ்வார் பரமேச்சுர விண்ணகரப் பதிகத்தில் பாடிய பல்லவமல்லனான நந்திவர்மனுடைய காசாக்குடிச் செப்பேட்டில், தானம் இன்னாருடைய விண்ணப்பத்தால் கொடுக்கப்பட்டது, அதற்கு இன்னார் ஆணத்தி என்று இரண்டும் வருகின்றன. கோயில் வழக்கிலும் இச்சொல் நமக்கே உரியதன்று. முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பேரையும், உடன் கொட்டு வாசிப்பார் இருவரையும் நியமித்து, ஒருவர்க்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் நிவந்தம் வைத்ததாக அக்கோயில் கல்வெட்டு சொல்லுகிறது. தெய்வத்தின் திருமுன்பே பாடுவதை ‘பாடுதல்’ என்னாமல் ‘விண்ணப்பஞ்செய்தல்’ என்பது அக்காலத்துப் பொதுவழக்கு. அதற்கு ஒரு தத்துவார்த்தம் ஏற்பட்டது நம்மாழ்வாராலே என்பது அடியேனுடைய துணிபு.

நம்மாழ்வாருடைய ப்ரபந்தங்கள் நான்கில் முதலாவது திருவிருத்தம். அதன் முதற்பாட்டு முடிவது விண்ணப்பம் என்னும் சொல்லில். பொய்யான ஞானமும் தீய ஒழுக்கமும் அழுக்கான சரீரமும் கூடிய இந்த ஸ்வபாவத்தை இனி அடையாதொழிய வேணும் என்று, உயிர்களைக் காக்கப் பல யோனிகளிலும் வந்து பிறந்தவனை நோக்கி ஆழ்வார் வேண்டுகிறார். நூறாம் பாட்டில் தம் திருநாமத்தைச் சொல்லும்போதும், அந்நூறு பாட்டையும் தாம் விண்ணப்பஞ்செய்தவையாகவே குறிக்கிறார். இடையிலுள்ள பாசுரங்களோ பெரும்பாலும் அகத்துறையில் அமைந்தவை. தலைமகள் இரங்குகிறாள், தோழி பேசுகிறாள், தாய் கலங்குகிறாள். இவை விண்ணப்பமாவது எப்படி என்று கேள்வி எழும். முதற்பாட்டில் வேண்டியது உடனே கிட்டாமையாலே ஆழ்வார்க்குப் பிறந்த ஆற்றாமையே பெண்பேச்சாக விரிந்தது என்று கொண்டால், முன்னும் பின்னும் நின்ற ஒரு சொல் நூறு பாட்டையும் ஒரே வேண்டுகோளாகக் கட்டிவிடுகிறது.

இன்னும் நுட்பமானது ஒன்றுண்டு. முதற்பாட்டில் விண்ணப்பஞ்செய்பவர் ‘அடியேன்’ என்று ஒருமையில் நிற்கிறார். அந்த ஸ்வபாவத்தை அடையாதொழிய வேண்டியவர்களோ ‘யாம்’ என்று பன்மையில் நிற்கிறார்கள். சொல்லுபவர் ஒருவர், யாருக்காகச் சொல்லப்படுகிறதோ அவர்கள் பலர். நூறாம் பாட்டில் இந்தப் பன்மை வெளிப்படுகிறது. இந்நூறையும் வல்லவர்கள் பிறப்பாகிற சேற்றில் அழுந்தார் என்று பலன் சொல்லப்படுகிறது. முதலில் எம்பெருமானிடத்தில் வேண்டப்பட்டது எதுவோ, அதுவே முடிவில் கற்பவர்க்கு வழங்கப்படுகிறது. அவனை நோக்கி விண்ணப்பமாகச் சென்ற பாசுரங்கள் நம்மை நோக்கி அருளிச்செயலாகத் திரும்பி நிற்பதை நூலுக்குள்ளேயே காண்கிறோம். முதலிற் கேட்ட கேள்விக்கு விடை இங்கேயே கிடைக்கிறது.

ஆனால் சொற்பொருளில் ஒரு முட்டு இருக்கிறது. விஜ்ஞாபநமாவது அறியாதவனுக்கு அறிவிப்பது. ஸர்வஜ்ஞனுக்கு எதை அறிவிப்பது? அரசன் அறியாத குறையைக் குடிமகன் சொல்லலாம். உள்ளே அந்தர்யாமியாய் நின்றவனிடம் சொல்ல என்ன இருக்கிறது? ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்நத்தில் விஜ்ஞாபநம் என்ற சொல்லையே எடுக்கிறார். பொய்யன்று, பரமார்த்தமே சொல்லுகிறேன், இந்த ஒரு விஜ்ஞாபநத்தை முன்னம் கேட்டருள வேணும். என்னிடத்தில் தயை பண்ணாதொழிந்தால் இத்தனை தயைக்குத் தகுந்தவன் உனக்குக் கிடைப்பது அரிது என்பது அச்ச்லோகத்தின் கருத்து. மெய்ம்மை, கேட்டருளும்படி வேண்டுதல், விண்ணப்பம் என்ற மூன்றும் திருவிருத்தத்தின் முதற்பாட்டில் சேர்ந்திருப்பதுபோலவே இங்கும் சேர்ந்திருக்கின்றன. ஆழ்வார் பாட்டை நெஞ்சில் வைத்தே ஆளவந்தார் இதைச் சொன்னார் என்று நினைக்க இடமுண்டு. இங்கே அவர் அறிவிப்பது என்ன? தம் தாழ்வை. அதை எம்பெருமான் முன்பே அறிவான். அவன் அறிந்ததைத் தானும் இசைந்தேன் என்று சேதநன் வாய்திறந்து சொல்லுவது ஒன்றுதான் புதிது.

இந்த இசைவின் ஸ்தானம் என்ன என்பதில் ஆசார்யர்களுடைய நிர்வாஹங்கள் வேறுபடுகின்றன. தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தில் ப்ரபத்தியின் அங்கங்கள் ஐந்தில் ஒன்றாகக் கோப்த்ருத்வ வரணத்தை, அதாவது ‘நீயே ரக்ஷிக்க வேணும்’ என்று வேண்டுதலை, வைக்கிறார். வேண்டாதவனுக்குக் கொடுத்தால் அது புருஷார்த்தமாகாது என்பது அதற்கு ஹேது. ப்ரபத்தி எம்பெருமான் இரங்குவதற்கு வ்யாஜமாய் நிற்கும் என்பது அவர் நிலை. பிள்ளைலோகாசார்யர் வழியில், உபாயம் எம்பெருமான் ஒருவனே. சேதநனுடைய ஸ்வீகாரம் சைதந்யத்தின் கார்யம், அதிகாரிக்கு விசேஷணம். இவ்விரண்டையும் தூக்கி எடைபோடுவது இங்கே கருத்தன்று. ஆயினும் இரண்டு நிர்வாஹங்களிலும் விண்ணப்பம் விலையாகக் கொடுக்கப்படுவதன்று என்பதைக் கவனிக்க வேணும். படிவத்தை நிரப்பினவனுக்கு முடிவைக் கேட்கும் உரிமை பிறக்கும். இவ்விண்ணப்பத்தால் அப்படிப்பட்ட உரிமை ஒன்றும் பிறவாது. தாழ்ந்து நின்று ‘கேட்டருள வேணும்’ என்று சொல்லி நிற்பதோடு அடியவனுடைய செயல் முடிகிறது.

இனி அரையர்களிடம் வருவோம். கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்னும் தம் மருமக்கள் இருவர்க்கும் நாதமுனிகள் இசையோடு கற்பித்தருளிய மரபு இது. ஸ்ரீரங்கத்தில் அத்யயநோத்ஸவத்தின் பகல்பத்தில் அர்ஜுன மண்டபத்திலும், இராப்பத்தில் ஆயிரங்கால் மண்டபத்துத் திருமாமணி மண்டபத்திலும் நம்பெருமாள் எழுந்தருளியிருக்க, குல்லாயும் கைத்தாளமுமாக அரையர் நிற்கிறார். பாட்டு அவருடையதன்று, ஆழ்வாருடைய விண்ணப்பத்தை ஆழ்வார்க்காக மறுபடி எம்பெருமான் திருச்செவி சாற்றுகிறார். இசையும் அபிநயமும் அங்கே கலைத்திறத்தைக் காட்ட வந்தவை அல்ல என்பதை அந்தப் பெயரே உணர்த்தும். இதைக் கச்சேரி போலே மதிப்பிட்டு எழுதுகிறவர்கள் பெயரைக் கவனிப்பதில்லை. ‘தம்பிரான்படி’ என்னும் வ்யாக்யாநமும் அங்கே சொல்லப்படுகிறது. வ்யாக்யாநமும் அவ்விடத்தில் விண்ணப்பமாகிவிடுகிறது.

ஆசார்யன் திறத்திலும் இவ்வழக்கே. சிஷ்யன் ‘அடியேன் அநேக தண்டன் ஸமர்ப்பித்த விஜ்ஞாபநம்’ என்று எழுதுவான். ஆசார்யனிடமிருந்து வருவது ஸ்ரீமுகம். ஒருவர் தம் பேச்சைத் தாமே ‘அருளிச்செய்தேன்’ என்றால் கோஷ்டியில் சிரிப்பார்கள். சொல்லின் உயர்வு தாழ்வு, பேசப்படும் விஷயத்தைப் பற்றி வருவதன்று. சொல்லுபவர்க்கும் கேட்பவர்க்கும் உள்ள ஸம்பந்தத்தைப் பற்றி வருவது. ஆசார்யனிடம் கேட்ட அர்த்தத்தையே சிஷ்யன் அவர் திருமுன்பே திருப்பிச் சொன்னால் அது விண்ணப்பம். அதையே பின்பு தன் சிஷ்யனுக்குச் சொன்னால், அந்தச் சிஷ்யன் அதை அருளிச்செயல் என்பான்.

இந்த ஒழுங்குக்கு அடங்காத இடம் ஒன்று உண்டு. ஸ்ரீரங்கத்தில் மணவாளமாமுனிகள் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டுக்காலம் ஈடு முப்பத்தாறாயிரத்தைக் கொண்டு திருவாய்மொழிக்குப் பொருள் உரைத்தார். கேட்டவன் எம்பெருமான், ஆகையாலே அது விண்ணப்பம். மாமுனிகள் திருவுள்ளத்தில் வேறு நினைவு இருந்திருக்க வழியில்லை. ஆனி மூலத்தன்று சாற்றுமுறையில் நம்பெருமாளே அவரைப் பற்றித் தனியன் ஸமர்ப்பித்து, சிஷ்யனுடைய ஸ்தானத்தில் தன்னை வைத்துக்கொண்டான் என்பது தென்னாசார்ய ஸம்ப்ரதாயம் கொண்டாடும் ஐதிஹ்யம். ஆகவே அவ்வாண்டு நிகழ்ந்ததைச் சொல்லும்போது ‘மாமுனிகள் ஈட்டை அருளிச்செய்தார்’ என்று பெரியோர் பேசுவது, கேட்டவனுடைய திருவுள்ளத்தைப் பின்சென்ற வழக்கு.