பாறை நிலத்தில் ஒரு பள்ளி

அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், கிழக்கே ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடருக்கும் மேற்கே அலெகேனி மலைகளுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஷெனன்டோவா பள்ளத்தாக்கில், ஸ்வூப் என்ற சிற்றூருக்கு அருகே, 1961-ஆம் ஆண்டில் வில்லியம் சாலட்டின் என்பவர் 550 ஏக்கர் நிலத்தை வாங்கிக் குடும்பத்துடன் குடியேறினார். வெனிசுவேலாவில் பண்ணை நடத்தி, அங்கே மூண்ட அரசியல் கலகத்தில் அதை இழந்து, தாயகம் திரும்பியிருந்த குடும்பம் அது; மீண்டும் முதலிலிருந்து தொடங்குவோருக்கு எத்தகைய நிலம் கிடைக்குமோ, அத்தகைய நிலமே அவர்களுக்கும் கிடைத்தது. உழக்கூடாத சரிவுகளைக் குத்தகைதாரர்கள் தலைமுறை தலைமுறையாக உழுது மக்காச்சோளமும் தானியமும் பயிரிட்டதனால், மேல்மண் மழைநீரோடு இறங்கிப் போய், 16 அடி ஆழம் வரை அரிப்புப் பள்ளங்களும் ஆங்காங்கே வெளியே துருத்திய பாறைகளுமே மிஞ்சியிருந்தன. வேலிக்குக் கம்பு ஊன்றக்கூட மண் போதவில்லை. பழைய மோட்டார் டயர்களுக்குள் கான்கிரீட்டை ஊற்றி, அதில் கம்பிகளை நிறுத்தி, மின்வேலியை அந்தக் கனத்தைக் கொண்டே நிற்க வைத்தார்கள் என்றால், அப்பூமியின் நிலை ஒருவாறு விளங்கும்.

சாலட்டின் விவசாய நிபுணர்களை விசாரித்தார். மக்காச்சோளம் போடுங்கள், தீவனக் கிடங்குகள் கட்டுங்கள், ரசாயன உரம் இடுங்கள், காட்டிலும் மாட்டை மேயவிடுங்கள் என்று அவர்கள் உபதேசித்தார்கள். எந்தக் காரியங்களால் நிலம் பாழாயிற்றோ அவற்றையே மேலும் தீவிரமாகச் செய்யும்படி சொன்ன அந்த யோசனையை அவர் ஏற்கவில்லை. பள்ளங்களில் மரம் நட்டார், கம்போஸ்டு உரம் தயாரித்தார், எடுத்து மாற்றக்கூடிய மின்வேலியைத் தாமே சமைத்து, மாடுகளைப் புல்வெளியில் இடம் மாற்றி மாற்றி மேய்த்தார். இவ்வளவுக்கும் அவர் தொழிலால் கணக்காளர். மனைவி பள்ளி ஆசிரியை. நிலம் குடும்பத்துக்குச் சோறு போடவில்லை. நகரத்துச் சம்பளம்தான் நிலத்தின் கடனை அடைத்தது. சிறுபண்ணை வாழ்க்கையை வருணிக்கும் எழுத்துகள் பலவற்றிலும் இந்த ஒரு விஷயம் மட்டும் ஓரத்திலேயே ஒதுங்கி நிற்பதைக் காண்கிறேன்.

குடியேறிய போது நான்கு வயதுச் சிறுவனாக இருந்த மகன் ஜோயல், பத்து வயதில் சொந்தமாகக் கோழி வளர்க்கத் தொடங்கி, பிறகு கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் பயின்று, உள்ளூர்ச் செய்தித்தாளில் நிருபராக இருந்து, 1982-இல் அந்த உத்தியோகத்தை விட்டுப் பண்ணைக்கே திரும்பினார். அவரும் மனைவி தெரசாவும் பெற்றோரின் பண்ணைவீட்டில் கூரைக்கு அடியிலுள்ள பரணைச் செப்பனிட்டு அதில் குடித்தனம் வைத்தார்கள். மாதம் 300 டாலரில் காலட்சேபம் நடந்தது. தம்மைக் கிறிஸ்தவர், சுதந்திரவாதி, சுற்றுச்சூழல்வாதி, முதலாளித்துவர், பித்துப்பிடித்த விவசாயி என்று ஒரே மூச்சில் வருணித்துக்கொள்ளும் இந்த விசித்திர மனிதர், தம் மகனையும் மகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தார்.

அக்காலத்தில் அது எளிதான தீர்மானம் அன்று. 1970-களில் பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பித்த பெற்றோர், பல மாநிலங்களில் கட்டாயக் கல்விச் சட்டத்தை மீறியவர்களாகக் கருதப்பட்டு வழக்குகளுக்கு ஆளானார்கள். இரண்டு திசைகளிலிருந்து அவர்களுக்கு ஆதரவு வந்தது. ஒருவர் ஜான் ஹோல்ட். பள்ளியாசிரியராக இருந்து, பள்ளி குழந்தையின் இயல்பான ஆர்வத்தை அவித்துவிடுகிறது என்று மனம் கசந்து, 1977-இல் வீட்டுக்கல்விக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியவர். சமயக் காரணங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. மற்றவர்கள் ரேமண்ட், டாரதி மூர் தம்பதிகள். அட்வென்டிஸ்ட் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த இவர்கள், இளங்குழந்தைகளை அவசரப்பட்டு வகுப்பறையில் அடைப்பது தீங்கு என்று எழுதி, பக்தியுள்ள பல குடும்பங்களின் செவிகளை எட்டினார்கள். தேவகட்டளைகளைப் பிள்ளைகளுக்கு வீட்டில் அமர்ந்திருக்கையிலும், வழியில் நடக்கையிலும், படுக்கும் வேளையிலும், எழும் வேளையிலும் போதிக்க வேண்டுமென்று பைபிளில் உபாகமம் ஆறாம் அதிகாரம் விதிப்பதை அக்குடும்பங்கள் நேர்ப்பொருளாகவே எடுத்துக்கொண்டன. வர்ஜீனியா 1984-இல் சட்டம் இயற்றி இடம் கொடுத்தது. 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாயிற்று. 1999-இல் சுமார் 8.5 லட்சமாக இருந்த வீட்டு மாணாக்கர் தொகை 2012-இல் ஏறக்குறைய 18 லட்சம்; அவ்வாண்டு மத்திய அரசு நடத்திய கணக்கெடுப்பில், சமயபோதனை தங்களுக்கு ஒரு முக்கிய காரணம் என்று கூறிய பெற்றோர் நூற்றுக்கு 64 பேர்.

இனி, அந்தப் பண்ணையில் ஒரு குழந்தை எதைக் காண்கிறது என்று பார்ப்போம். மாட்டு மந்தை நாளுக்கொரு புல்திடலாக நகர்கிறது. அது விட்டுச் சென்ற திடலுக்கு மூன்று நாள் கழித்துச் சக்கரம் வைத்த கோழிக்கூண்டு வந்து சேர்கிறது. முன்னதாக வந்தால் சாணத்தில் புழு வளர்ந்திருக்காது. தாமதித்தால் புழு ஈயாகிப் பறந்துவிடும். கோழிகள் புழுவைத் தேடிச் சாணத்தைக் கிளற, ஈயும் ஒழிகிறது, எருவும் பரவுகிறது, முட்டையும் கிடைக்கிறது. குளிர்காலத்தில் கொட்டகையில் அடைத்த மாடுகளுக்கு அடியில் மரச்சீவலைப் பரப்பி, அடுக்கடுக்காக நடுவே சோளத்தைத் தூவி வைக்கிறார்கள்; வசந்தத்தில் மாடுகள் வெளியேறியதும் பன்றிகளை உள்ளே விட, புளித்த சோளத்தின் ஆசையால் அவை அந்த எருக்குவியல் முழுவதையும் மூக்கால் புரட்டி, கூலியில்லாமல் கம்போஸ்டாக்கித் தருகின்றன. இவற்றை நாள்தோறும் காணும் பிள்ளைக்கு ஈயின் வாழ்க்கைச் சக்கரத்தைப் படம் போட்டு விளக்க வேண்டிய அவசியம் என்ன? ஜோயலின் மகன் எட்டு வயதிலேயே முயல் வளர்ப்பைச் சொந்த வியாபாரமாக ஆரம்பித்தான். இனவிருத்தியின் நியதிகளையும் லாபநஷ்டக் கணக்கையும் அந்தக் கூண்டுகளிடமே கற்றான் என்று சொல்லலாம்.

அந்நாட்டில் ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சுகள் தபாலில் வருகின்றன என்பது நம்மவர்களுக்கு வியப்பாக இருக்கும். 1918 முதல் இந்த ஏற்பாடு உண்டு. பொரியும் தறுவாயில் குஞ்சு மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் மூன்று நாள் வரை இரையும் நீருமின்றித் தாங்கும். துளையிட்ட பெட்டி கீச்சுக்கீச்சென்று கத்துவதைக் கேட்டுத் தபால் நிலையத்தார் விடியற்காலையிலேயே வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். இவ்வாறு காண்பதையெல்லாம் பதிவு செய்யவும் ஒரு வழி உண்டு. இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த சார்லட் மேசன் அம்மையார் (1842–1923), பிள்ளைகள் வெளியே சென்று கண்டதை வரைந்து எழுதும் இயற்கைக் குறிப்பேடு ஒன்றைக் கல்வியின் அங்கமாக்கினார். கிறிஸ்தவ வீட்டுப்பள்ளிகள் பலவற்றில் அவருடைய முறை இன்று புத்துயிர் பெற்றிருக்கிறது. அக்குறிப்பேட்டுக்கு இத்தகைய பண்ணையைவிட வாய்ப்பான இடம் வேறு எது?

ஆனால் பண்ணையோடு வருவது பழைய வீடு. அதன் அழகைப் புகைப்படங்கள் காட்டும், அபாயங்களைக் காட்டா. வீடுகளில் ஈயம் கலந்த வர்ணத்தை அமெரிக்கா தடை செய்தது 1978-இல்தான். அதற்கு முற்பட்ட சுவரையும் ஜன்னல் சட்டத்தையும் அறியாமல் உரசித் தேய்த்தால் கிளம்பும் தூசு, தரையில் தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குள் சென்று மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பிள்ளைகளின் அறிவு வளர்வதற்காகவே நகரை விட்டு வந்த குடும்பத்துக்கு இதைவிடக் கொடிய முரண் வேறொன்று இருக்க முடியாது. ஆகவே விவரம் அறிந்தவர்கள் சோதனை முடிந்த பின்பே சுரண்டும் தகட்டைக் கையில் எடுப்பார்கள். பீங்கான் குமிழ்களில் ஓடும் பழங்கால மின்கம்பிகள், கிணற்று நீரில் நைட்ரேட்டும் கிருமியும், விறகு அடுப்பின் புகைபோக்கிக்குள் தார்போலப் படிந்து ஒருநாள் தீப்பற்றும் கரி என்று மற்றவையும் உண்டு. இத்தகைய வீட்டைச் சீராக்கப் பொறுமையும் வேண்டும். வீட்டுப்பள்ளிப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் கதைகளை எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டரும் அவர் கணவரும் 1894-இல் மிசௌரி மாநிலத்தில் 40 ஏக்கர் வாங்கினார்கள். அங்கிருந்த மரக்குடிசைக்குப் பதிலாகச் சிறிது சிறிதாகக் கட்டிய வீடு முழுமை பெறுவதற்கு 1913 ஆயிற்று. லாராவின் தந்தை அதற்கு முன் கான்சாஸில் குடியேறியது ஓசேஜ் பூர்வகுடியினரின் நிலத்தில் என்பதையும் அக்கதைகளோடு சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதே நேர்மை.

ஜோயலின் மகன் வளர்ந்து அதே பண்ணையின் அன்றாட நிர்வாகத்தை ஏற்றார். கல்லூரிப் பட்டம் பெற்ற இளைஞர்கள் அங்கே கோடைகாலத்தில் பயிற்சிக்கு வருகிறார்கள். இதைக் கொண்டு வீட்டுக்கல்வி வென்றது என்று தீர்ப்பு எழுதுவதற்கில்லை. வென்றவர்கள் புத்தகம் எழுதுகிறார்கள். நிலத்தை விற்றுவிட்டு நகரம் திரும்பியவர்களின் சரித்திரத்தை எழுதுவார் இல்லை. பொதுவாக இக்குடும்பங்களில் பாடம் சொல்வதும், ஆடு கறப்பதும், காய்கனிகளைக் கண்ணாடி ஜாடிகளில் பதப்படுத்துவதும் தாயின் தலையிலேயே விழுகின்றன. தகப்பன் மாலையில் வேலைமுடிந்து வந்து சுவருக்குப் பலகை அடிக்கும் நேரத்தில் அவள் மறுநாள் கணிதப் பாடத்தைத் தயார் செய்துகொண்டிருப்பாள். அவள் ஓய்வுகொள்ளும் நாள் ஞாயிறு ஒன்றே; மாடுகளுக்கு அன்றும் விடுமுறையில்லை.

வெளியார் மேற்பார்வையும் ஒரே சீராக இல்லை. டெக்சாஸில் பெற்றோர் யாருக்கும் அறிவிக்க வேண்டுவதில்லை. பென்சில்வேனியாவிலோ பிள்ளையின் ஆண்டு முழுவதுமான எழுத்துவேலையைத் தொகுத்து, தகுதி பெற்ற ஒருவரிடம் காட்டி மதிப்பீடு வாங்க வேண்டும். வர்ஜீனியாவில் ஆகஸ்டு 15-க்குள் அறிவிப்புக் கொடுத்து, அடுத்த ஆண்டு ஆகஸ்டு முதல் தேதிக்குள் முன்னேற்றத்துக்குச் சான்று காட்ட வேண்டும். ஆனால் சமய நம்பிக்கையின் பேரில் விலக்குப் பெற்ற குடும்பம் அப்புறம் எந்தச் சான்றும் அனுப்ப வேண்டியதில்லை. அந்த விலக்கைச் சமய சுதந்திரத்தின் கோட்டையாக அங்கே பலர் போற்றுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. ஜன்னல் சட்டத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க அந்நியர் ஒருவரைக் காசு கொடுத்து அழைக்கும் பெற்றோர், பிள்ளைக்குப் படிக்கவும் கூட்டவும் வருகிறதா என்று பார்க்கவும் ஆண்டுக்கு ஒரு தடவை இன்னோர் அந்நியரை வாசலுக்குள் விடுவதனால் அவர்களுடைய விசுவாசத்துக்குப் பங்கம் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.