மலையில் மரம் நட்டார், கடலில் சிப்பி வளர்ந்தது

மண் அள்ளும் ஷவல் நிறையச் சிப்பிகளை வாரி வந்து, எங்கள் முன்னிருந்த இரும்புத் தட்டின்மேல் கடகடவெனக் கொட்டினார் அந்தப் பாட்டி. மேலே பெரிய மூடியைக் கவிழ்த்துவிட்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டிப் பத்து விரல்களை விரித்தார். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டுமாம்.

பிப்ரவரி மாதம். ஜப்பானின் வடகிழக்குக் கரையில், மியாகி மாநிலத்தின் கெசென்னுமா துறைமுகத்துக்கு அருகே ஒரு கொட்டகை. வெளியே உறைபனி, உள்ளே ஆவியும் புகையும். பதின்ம வயது மகள் கையுறையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். என் கணவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்குக் காரணம் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கு சிங்கப்பூரில் ஒரு பஃபே விருந்தில் பச்சைச் சிப்பியை ஆசையாக ஒரு டஜன் சாப்பிட்டுவிட்டு, மூன்று நாள் கழிவறையும் படுக்கையுமாகக் கிடந்தார். உணவகத்தின் பெயர் இப்போது வேண்டாம். அன்று முதல் உணவங்காடி நிலையத்தில் முட்டையோடு பொரித்துத் தரும் ஓ லுவாவைக்கூடத் தொடுவதில்லை. “நீங்க சாப்பிடுங்க, நான் சோறு சாப்பிட்டுக்கிறேன்” என்று விமானத்திலேயே சொல்லிவிட்டார்.

அவரை அங்கே அழைத்துச் சென்றது சிப்பி அல்ல, ஒரு ஆறு. அந்தக் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ரயில் காட்டிய வழி

தோக்கியோவிலிருந்து ஷிங்கன்செனில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் இச்சினோசெக்கி நிலையம் வரும். அங்கிருந்து ஒஃபுனாத்தோ தடத்தில் ஒரு சின்ன டீசல் ரயில், மலைகளுக்கு நடுவே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து கெசென்னுமாவை அடைகிறது. வழியில் முரோனே என்ற மலையடிவாரத்தைத் தாண்டியதும் ஒகாவா ஆறு நம்மோடு சேர்ந்துகொள்கிறது. பெரிய ஆறு ஒன்றும் அல்ல. ஆனால் அது கெசென்னுமா விரிகுடாவில் கலக்கும் இடத்தில்தான் சிப்பித் தெப்பங்கள் மிதக்கின்றன.

1960களிலும் 70களிலும் அந்த விரிகுடா கெட்டுப்போனது. ஊரின் கழிவுநீரும் ஆலைக் கழிவும் சேர, கடலில் செந்நிற நுண்ணுயிர்கள் பெருகின. சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நன்கு வளர்ந்த ஒரு சிப்பி நாளொன்றுக்கு 200 லிட்டர் வரை கடல்நீரைத் தன் உடல் வழியே இழுத்து விடும் என்கிறார்கள். எனவே கடல் எப்படியோ, சதையும் அப்படியே. கெசென்னுமா சிப்பிகள் சிவந்துபோயின. தோக்கியோ சந்தையில் அவற்றை ‘இரத்தச் சிப்பி’ என்று ஒதுக்கினர். பலர் தொழிலை விட்டார்கள்.

விடாதவர்களில் ஒருவர் ஷிகெயாட்சு ஹத்தாகெயாமா. 1943இல் பிறந்தவர், தந்தை வழியில் சிப்பி வளர்ப்பாளர். 1980களில் பிரான்சுக்குச் சென்று, லுவார் ஆறு கடலில் சேரும் பகுதியில் சிப்பிகள் செழித்திருப்பதைப் பார்த்தார். ஆற்றோடு மேலே போனபோது அகன்ற இலை மரங்களாலான காடுகளைக் கண்டார். தன் ஊரின் ஆற்றை நினைத்துப் பார்த்தார். மேலே மலைகளில் பழைய காடு போய், கட்டட மரத்துக்காக நெருக்கி நடப்பட்ட ஊசியிலை மரங்கள், பல இடங்களில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. போதாக்குறைக்கு ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டமும் இருந்தது.

1989இல் அவரும் உள்ளூர் மீனவர்களும் மீன்பிடிப் படகுக் கொடிகளைத் தூக்கிக்கொண்டு முரோனே மலையேறி மரக்கன்று நட்டார்கள். கடற்காரனுக்கு மலையில் என்ன வேலை என்று கேட்காதவர் இருந்திருக்க முடியாது. காடு கடலின் காதலர் என்று பொருள்படும் பெயரை அந்த இயக்கத்துக்கு வைத்தார்கள்.

பெயர் கவிதைபோல இருந்தாலும் அதற்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது. ஹொக்கைடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கட்சுஹிக்கோ மட்சுநாகா அதை விளக்கினார். கடலில் சிப்பியின் உணவு நுண்பாசிகள். அவை வளர இரும்புச்சத்து வேண்டும். ஆனால் இரும்பு நீரில் எளிதில் துருவாகி அடியில் தங்கிவிடும். காட்டில் உதிர்ந்த இலைகள் மக்கும்போது உருவாகும் ஃபுல்விக் அமிலம் இரும்போடு இணைந்து, அதைக் கரைந்த நிலையிலேயே கடல்வரை கொண்டு சேர்க்கிறது. மலையில் மக்கும் இலைதான் சுற்றிச் சுற்றி நம் தட்டுக்கு வருகிறது.

மரம் நட்டது மட்டும் விரிகுடாவைக் காப்பாற்றவில்லை. மேல்பகுதியில் வாழும் பள்ளிப் பிள்ளைகளை ஹத்தாகெயாமா கடலுக்கு அழைத்து வந்து தெப்பத்தில் ஏற்றினார். ஊர் திரும்பிய பிள்ளைகள் வீட்டில் கேள்வி கேட்டார்கள். கழிவும் உரமும் பூச்சிமருந்தும் ஆற்றில் சேர்வது பற்றிப் பெரியவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். அணைத் திட்டமும் பின்னர் கைவிடப்பட்டது. எனக்கு மரம் நட்டதைவிட இந்தப் பிள்ளைகளின் கதைதான் பெரிதாகத் தெரிகிறது.

கடல் திரும்பி வந்தது

2011 மார்ச் 11ஆம் தேதி ஆழிப்பேரலை அந்தக் கரையை விழுங்கியது. கெசென்னுமாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், காணாமற்போயினர். ஹத்தாகெயாமாவின் தெப்பங்கள், படகுகள் அனைத்தும் போயின. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த தம் தாயையும் அவர் இழந்தார்.

அலைக்குப் பிறகு கடலில் உயிரே தென்படவில்லையாம். கடல் செத்துவிட்டதோ என்று அஞ்சியவருக்குச் சில வாரங்களில் கரையோரம் சிறு மீன்கள் தெரிந்தன. நீரை ஆராய்ந்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நுண்பாசி ஏராளமாக இருக்கிறது, சிப்பி வளர்க்கலாம் என்றார்கள். மீண்டும் கயிறுகள் இறங்கின. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் மலையில் மரம் நடுவதையும் அவர்கள் நிறுத்தவில்லை.

அப்போது கயிறும் மிதவையும் அனுப்பி உதவியவர்களில் பிரெஞ்சுச் சிப்பி வளர்ப்பாளர்களும் அடங்குவர். அது ஒரு பழைய கடன். 1970 வாக்கில் நோய் தாக்கி பிரான்சின் வளர்ப்புச் சிப்பிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தபோது, மியாகி கரையிலிருந்து சென்ற குஞ்சுச் சிப்பிகள்தான் அங்கே தொழிலை மீட்டன. இன்று பாரிஸ் உணவகத்தில் தட்டில் பனிக்கட்டிமேல் வைத்துத் தருவது பெரும்பாலும் அந்த ஜப்பானிய வம்சமே.

ஹத்தாகெயாமாவுக்கு 2012இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ‘வன நாயகர்’ விருது கிடைத்தது. கடந்த 2025 ஏப்ரலில் தமது 81ஆம் வயதில் காலமானார்.

ஒரு சிப்பி வளரும் விதம்

கோடையில் தாய்ச் சிப்பிகள் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழுக்கள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் நீரில் மிதந்து திரிந்து, பிறகு ஒட்டிக்கொள்ள ஓர் இடம் தேடும். அந்த நேரம் பார்த்து, ஸ்காலப் ஓடுகளைக் கம்பியில் கோத்து மாலை மாலையாகக் கடலில் இறக்குவார்கள். மியாகியில் இஷினோமாக்கிக்கு அருகிலுள்ள மங்கொக்கு உரா என்ற உப்பேரி இதற்குப் பேர்போனது. ஓட்டில் கடுகளவு குஞ்சுகள் ஒட்டியதும் அவற்றைக் கயிற்றில் இடைவெளி விட்டுச் செருகி, தெப்பத்திலிருந்து ஆழத்தில் தொங்கவிடுகிறார்கள். 1920களில் உருவான முறை இது. அடிமண்ணில் கிடக்காததால் நாள் முழுவதும் உணவு கிடைக்கும், சேறும் ஏறாது.

தீனி போட வேண்டியதில்லை. அதற்காகச் சும்மா இருக்கவும் முடியாது. கெசென்னுமாவின் கராகுவா பகுதியில், கயிற்றைத் தூக்கிச் சில விநாடி வெந்நீரில் முக்கி எடுக்கிறார்கள். சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு பிழைத்துவிடும். அதன்மேல் ஒட்டிக்கொண்டு உணவைப் பங்கு கேட்கும் சிறு மட்டிகளும் பாசியும் செத்துவிடும். கோடை வெயிலில் இந்த வேலை என்றால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜப்பானின் சிப்பியில் பாதிக்கும் மேல் தருவது தென்மேற்கே உள்ள ஹிரோஷிமா. நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொழில், மூங்கில் தெப்பங்கள், ஓட்டா ஆறு கலக்கும் அமைதியான உள்கடல். அங்கே இப்போது பெரும் கவலை. 2025 இலையுதிர் காலத்தில் தூக்கிய கயிறுகளில் சிப்பிகள் வாய் பிளந்து இறந்திருந்தன, சில இடங்களில் பாதிக்கும் மேல். நீண்ட வெப்பமும், மழை குறைந்து நீரில் உப்பு கூடியதும் காரணமாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கிறார்கள். மியாகியிலும் கடல் குளிராததால் அண்மை ஆண்டுகளில் பருவம் தாமதமாகத்தான் தொடங்குகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கெசென்னுமாவைக் கெடுத்தது அழுக்கு. ஹிரோஷிமாவை உள்ளடக்கிய செத்தோ உள்கடலிலோ, கழிவுநீரைச் சுத்திகரித்துச் சுத்திகரித்து, நுண்பாசிக்கு வேண்டிய சத்தே குறைந்துபோய்விட்டது என்ற குறை எழுந்தது. தேவைப்படும் இடத்தில் சத்துகளை ஓரளவு விட அனுமதித்து 2021இல் சட்டத்தையே திருத்தினார்கள். சுத்தமான கடலும் செழிப்பான கடலும் ஒன்றல்ல என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

பச்சையாகச் சாப்பிடலாமா?

என் கணவர் கேட்டதும் இதையே. ஜப்பானியப் பேரங்காடிகளில் சிப்பிப் பொட்டலங்களில் இரண்டு வகை எழுத்து இருக்கும். ஒன்று ‘பச்சையாக உண்ண’, மற்றது ‘சூடாக்கி உண்ண’. இரண்டாவது பழசு என்று நம்மவர்கள் நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. வேறுபாடு பிடித்த நாளில் இல்லை, வளர்ந்த நீரிலும் அதற்குப்பின் செய்த பக்குவத்திலும் இருக்கிறது. நீர்ச் சோதனையில் தேறிய கடற்பகுதியில் வளர்ந்ததையோ, சுத்திகரித்த கடல்நீரில் வைத்துத் தூய்மையாக்கியதையோதான் பச்சையாக விற்கலாம். ஆற்று முகத்துக்கு அருகே சத்து மிகுந்த நீரில் வளர்ந்தது பெரும்பாலும் கொழுத்திருக்கும், ஆனால் அதை வேகவைத்தே தீர வேண்டும். அன்று பிடித்தது, துள்ளத் துள்ள இருக்கிறது என்பதற்காக அதைப் பச்சையாக வாயில் போட்டால் வம்புதான்.

வம்பின் பெயர் நோரோ வைரஸ். சிப்பி வடிகட்டும்போது அதுவும் உள்ளே தங்கிவிடுகிறது. சிங்கப்பூரிலும் 2004 தொடக்கத்தில் இறக்குமதியான பச்சைச் சிப்பிகளால் பலர் நோயுற்றனர். எலுமிச்சைச் சாறும் மிளகாயும் அதை ஒன்றும் செய்யாது. சிப்பியின் நடுப்பகுதி 85 முதல் 90 பாகை செல்சியஸ் சூட்டில் குறைந்தது 90 விநாடி வேக வேண்டும் என்பது ஜப்பானியச் சுகாதார அமைச்சின் அறிவுரை. கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், முதியோர், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் பச்சைச் சிப்பியைத் தவிர்ப்பதே நல்லது.

கொட்டகையில் இந்தக் கவலை குறைவு. பாட்டி மூடியைத் திறந்தார். ஆவி விலகியதும், பாதி ஓடுகள் தாமாக வாய் திறந்திருந்தன. இடக்கையில் தடித்த கையுறை, வலக்கையில் மழுங்கிய கத்தி. சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்தால் போதும். நாங்களே நெருப்பில் சுடும் கடைகளில், தட்டையான பக்கத்தை முதலில் கீழே வைத்துப் பிறகு புரட்டச் சொல்கிறார்கள், அப்போதுதான் குழிந்த ஓட்டில் சாறு தங்கும். சில ஓடுகள் பட்டாசுபோல் வெடிக்கும், முகத்தை நெருங்க விடாதீர்கள்.

முதல் வாயில் உப்பு, உடனே இனிப்பு, கடைசியில் ஏதோ வெள்ளரிக்காயைக் கடித்த மணம். பையில் பத்திரமாக வைத்திருந்த சம்பால் புட்டியை வெளியே எடுக்கவே தோன்றவில்லை. மகள் பதினைந்தைத் தாண்டியதும் என் கணவர் கையுறையைக் கேட்டார். நன்றாக வெந்ததா என்று மூன்று முறை கேட்டு, ஒன்றைச் சாப்பிட்டார். பிறகு எண்ணுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

போக விரும்புவோருக்கு

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஜனவரி, பிப்ரவரியில் சதை மிகக் கொழுத்திருக்கும். கெசென்னுமா தொலைவு என்றால் செண்டாயிலிருந்து எளிதில் போகக்கூடிய மட்சுஷிமாவிலும் இரும்புத் தட்டுக் கொட்டகைகள் உள்ளன. சிறு பிள்ளைகளோடு செல்பவர்களுக்கு என் தேர்வு ஃபுக்குவோக்காவை அடுத்த இத்தோஷிமா. சிங்கப்பூரிலிருந்து ஃபுக்குவோக்காவுக்கு நேரடி விமானம் உண்டு. குளிர்காலத்தில் மீன்பிடித் துறைகளில் வரிசையாகக் கூடாரம் போடுகிறார்கள், தெறிக்காமல் இருக்க மேலங்கியும் தருகிறார்கள். முஸ்லிம் நண்பர்கள் சிப்பிச் சோறு, சூப் போன்றவற்றில் சாக்கே மது சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறுமனே சுட்ட சிப்பியில் அந்தச் சிக்கல் இல்லை.

கோடையில் போகிறவர்களுக்கு ‘இவாகாக்கி’ எனும் பாறைச் சிப்பி உண்டு. ஜப்பான் கடல் பக்கம், அகித்தா மாநிலத்தின் கிசாகத்தாவில் கிடைக்கிறது. சோக்காய் மலையில் உருகும் பனி நிலத்தடியில் ஊறி, கடலுக்கு அடியில் ஊற்றாக வெளிவரும் இடம் அது. அங்கேயும் மலைதான் ஊட்டுகிறது.

திரும்பும் ரயிலில் முரோனே மலைமேல் பனி படிந்திருந்தது. சன்னலோரம் ஆறு எங்களுக்கு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் தொலைபேசியில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அடுத்த குளிர்காலத்து விமானக் கட்டணம்.