தொண்டு நிறுவன வேலை: மனநிறைவு உண்டு... சம்பளம் நிலைக்குமா? சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்!

"என்.ஜி.ஓ-ல வேலையா? அது சேவைதானே, சம்பளமெல்லாம் தருவாங்களா?"

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் எம்.எஸ்.டபிள்யூ முடித்த பிள்ளைகள் தொண்டு நிறுவனத்தில் சேரப்போவதாகச் சொன்னால், வீட்டில் கிளம்பும் முதல் கேள்வி இதுதான். சம்பளம் உண்டு. ஆனால், எத்தனை மாதத்துக்கு என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே என்ன வேலை இருக்கிறது?

ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள், பக்கத்திலேயே சிவகாசி பட்டாசு ஆலைகள், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் பளியர் குடியிருப்பு. விருதுநகர் மாவட்டத்தை மத்திய அரசு 2018-ல் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலிலும் சேர்த்தது. பள்ளிப் படிப்பை நிறுத்தியவர்கள், குழந்தைத் திருமணம், பெண் தொழிலாளர் நலன் என களப்பணிக்குப் பஞ்சமே இல்லை.

என்ன கிடைக்கும்?

வேலையின் பலனைக் கண்ணெதிரே பார்க்கலாம். படிப்பை விட்ட பிள்ளை மறுபடி யூனிஃபார்ம் போட்டுப் பள்ளிக்குப் போவதும், அலைந்து திரிந்த பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வருவதும் சின்ன விஷயமில்லை. கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், காவல் நிலையம் என எங்கே யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்பது 22, 23 வயதிலேயே அத்துப்படியாகிவிடும். இந்த அனுபவம் பின்னாளில் வேறு வேலைகளுக்கும் கைகொடுக்கும்.

சிக்கல் எங்கே?

பிரச்னை தீர்ந்தால் வேலை முடிவதில்லை. நிதி தீர்ந்தால் முடிகிறது. குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுப் படிக்கவைக்க 1988-ல் தொடங்கியது தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டம். சிவகாசியும் அதில் இருந்தது. சிறப்பு மையங்கள் பலவற்றைத் தொண்டு நிறுவனங்களே நடத்தின. 2021 ஏப்ரல் 1 முதல் அந்தத் திட்டம் சமக்ர சிக்‌ஷாவுடன் இணைக்கப்பட்டது. திட்டத்தை நம்பிப் போடப்படும் வேலைக்கு, திட்டம் இருக்கும் வரைதான் ஆயுள்.

வெளிநாட்டு நிதியிலும் கெடுபிடி கூடியிருக்கிறது. 2020-ல் திருத்தப்பட்ட எஃப்.சி.ஆர்.ஏ சட்டப்படி, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பெரிய நிறுவனம் வாங்கும் நிதியைச் சிறிய நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் தடை வந்தது. அலுவலக ஊழியர், கணக்காளர் சம்பளம் நிர்வாகச் செலவில்தான் வரும். பள்ளி ஆசிரியர், மருத்துவமனை டாக்டர் போல நேரடிச் சேவை தருபவர்களின் சம்பளம் அதில் சேராது.

இன்னொன்று, மனச்சோர்வு. தினமும் அடுத்தவர் துயரத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தாலும் "சேவைதானே" என்று மறுக்க முடியாது. அப்படியான நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. என் சம்பளம் எந்தத் திட்டத்தில் இருந்து வருகிறது? அது எந்த மாதம் முடிகிறது?

2. பி.எஃப் பிடித்தம் உண்டா? 20 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடம் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

3. நிறுவனம் நிதி ஆயோக்கின் 'தர்பன்' தளத்தில் பதிவாகியிருக்கிறதா? வெளிநாட்டு நிதி வாங்கினால் எஃப்.சி.ஆர்.ஏ பதிவு நடப்பில் உள்ளதா? அதை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

4. பாலியல் புகார்களை விசாரிக்க உள்புகார்க் குழு இருக்கிறதா? 10 பேர் வேலை பார்த்தாலே 2013-ம் ஆண்டு சட்டப்படி இது கட்டாயம். தொண்டு நிறுவனத்துக்கு விலக்கு இல்லை.

5. மலையடிவார ஊர்களுக்குப் போய்வர பெட்ரோல் செலவு யாருடையது? வார விடுமுறை உண்டா?

இதையெல்லாம் கேட்டால் 'சேவை மனசு இல்லாதவர்' என்று நினைப்பார்களோ எனத் தயங்க வேண்டாம். தன் வீட்டு வாடகைக்கே திண்டாடுபவர் அடுத்தவர் கஷ்டத்தை எத்தனை வருஷம் சுமக்க முடியும்? நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்கு எழுத்திலேயே பதில் தரும்.