கேலிக்கு வர்றியா?

'இன்னிக்கு ராத்திரி கேலிக்கு வர்றியா?' என்று உங்களை யாராவது கூப்பிட்டால் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது!

நான் திருப்பூர்ப் பெண். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2017ல் ஜவுளி பற்றிப் படிக்க ஸ்காட்லாந்து போனேன். அங்கே காலஷீல்ஸ் என்ற சின்ன ஊரில், ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் ஜவுளிப் பிரிவு இருக்கிறது. நவம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். பேச ஆள் கிடையாது. தினமும் அம்மாவுக்கு போன் போட்டு அழுவேன்.

விடுமுறை நாளில் மட்டும் ஊர் சுற்றல். ரயிலில் ஒரு மணி நேரம் போனால் எடின்பரோ. அணைந்துபோன எரிமலைப் பாறை மேல் கோட்டை கட்டியிருக்கிறார்கள்! மதியம் சரியாக ஒரு மணிக்கு, 'டமார்!' நான் துள்ளிக் குதித்துவிட்டேன். கப்பல்காரர்கள் மணி பார்ப்பதற்காக 1861ல் தொடங்கிய பீரங்கி அது. ஞாயிறு லீவு!

இன்னொரு நாள் 'ஹாய்க்' என்ற ஊர். 1771ல் காலுறை பின்னும் தறிகள் அங்கே வந்தன. அன்றிலிருந்து அது பின்னலாடை ஊர். ஸ்வெட்டர் கடைகளைப் பார்த்ததும் காதர்பேட்டை ஞாபகம் வந்து, அழுகை இன்னும் அதிகமானது.

சரி, கேலிக்கு வருவோம். நவம்பர் 30 ஸ்காட்லாந்தின் திருநாள். அன்று வகுப்புத் தோழி கூப்பிட்டது கிண்டலுக்கு இல்லை, ஆட்டத்துக்கு! எல்லோரும் கூடி ஆடுவதற்கு அந்த ஊரில் 'கேலி' என்று பெயர்.

போனால், பையன்கள் எல்லாம் கட்டம்போட்ட பாவாடையில்! அதுதான் 'கில்ட்'. ஒரு கில்ட்டுக்கு 8 கஜம் வரை துணி பிடிக்கும். அம்மா சேலையைவிட நீளம்! எனக்குச் சிரிப்பு. தோழி சொன்ன கதையைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. 1746ல் மலைநாட்டு வீரர்கள் அரசரின் படையிடம் தோற்றார்கள். உடனே அவர்களுடைய உடைக்கே தடை! ராணுவத்தில் இருந்தவர்களைத் தவிர, ஆண்கள் யார் அதை உடுத்தினாலும் ஆறு மாதம் ஜெயில். மறுபடி உடுத்தினால் ஏழு வருடம் நாடு கடத்தல். 1782ல்தான் தடை நீங்கியது. துணி கட்டியதற்கு ஜெயிலா? துணி ஊர்க்காரியான எனக்கு அது தாங்கவே இல்லை.

பிடில், அக்கார்டியன் முழங்க ஆட்டம் ஆரம்பம். மூன்று பேர் எதிரே மூன்று பேர். ஆறு பேரும் கைகோத்து இடப்பக்கம் எட்டு எண்ணிக்கை சுற்று, வலப்பக்கம் எட்டு. அடுத்த அடி என்ன என்று ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆடி முடித்ததும் முன்னேறிப் புதிய மூவரோடு ஆட வேண்டும். நான் தப்பான பக்கம் திரும்பி ஒருவர் காலை மிதித்தேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஒரு மணி நேரத்தில் அந்த ஹாலில் ஆடாத ஜோடி பாக்கியில்லை!

இடைவேளையில், 'உங்க ஊர் ஆட்டம்?' என்றார்கள். நம்ம கொங்கு நாட்டுக் கும்மிதான்! வள்ளி ஒயில் கும்மி சொல்லித் தரும் பத்திரப்பன் தாத்தாவுக்கு 2024ல் பத்மஸ்ரீயே கொடுத்தார்களே, அந்தக் கும்மி. கோயில் திருவிழாவில் கற்றதைக் காட்டினேன். பிடில்காரர் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். கில்ட் கட்டியவர்கள் குனிந்து நிமிர்ந்து கும்மி தட்டினார்கள்!

இரவு பதினோரு மணிக்கு அம்மாவுக்கு போன். திருப்பூரில் விடியற்காலை நாலரை.

"என்னாச்சு கண்ணு? அழறியா?" என்று பதறினார் அம்மா.

"இல்லம்மா... மூச்சு வாங்குது!"